இடக்கைக் கத்தி

செத்துப்போன மனைவியை மசாலா பொட்டலத்தின் மேல் பார்க்க நேரும் என்று விமலன் நினைத்திருக்கவில்லை.

மெர்லிமாவில் பாக்கியலட்சுமியின் மளிகைக் கடை. ஞாயிற்றுக்கிழமை காலை. முட்டை வாங்கப் போயிருந்தான். கல்லாவுக்கு மேலே கம்பியில் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரே பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். ரோஜா நிறத் தோல், முத்து கோத்த மாதிரி பல். எவளோ விளம்பரக்காரி என்று பார்வையை நகர்த்தினான். நகர்த்திய பார்வை திரும்பி வந்தது. அந்தப் பெண்ணின் நெற்றிச்சுட்டி இடப்பக்கம் சாய்ந்திருந்தது. தாலி கட்டும்போது அவன் முழங்கை இடித்துச் சாய்ந்த சுட்டி அது.

படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: 'மலர் மீன் மசாலா. உங்கள் மீன் கை தேவமலரின் தேர்வு.'

"என்ன தம்பி, அப்படிப் பாக்கறீங்க?" என்றார் பாக்கியலட்சுமி. "உங்க மச்சான்தான் கொண்டாந்து மாட்டிட்டுப் போனாரு. அவரு சம்சாரம் வீட்டுல அரைக்கிறாங்களாம். நல்லா ஓடுதுலா."

"இது யாருன்னு தெரியுதாக்கா?"

"தெரியாமயா? நம்ம தேவமலரு." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா ரொம்ப வெள்ளையா போட்டுட்டாங்க. வாங்க வர்ற பொண்ணுங்க கேக்குதுங்க, இந்த அக்காவா இத்தன நாளு கைய மட்டும் காட்டுச்சின்னு. நான் ஒண்ணும் சொல்றதில்ல. இறந்ததச் சொல்ல வேணாம்னு உங்க மச்சான் சொல்லிட்டாரு."

"ஏன்?"

"யாவாரத்துக்கு ஆகாதாம்."

விமலன் கம்பியிலிருந்து ஒரு சரத்தை இறக்கினான். பிறகு இன்னொன்றை. பிறகு எல்லாவற்றையும்.

"அலாமாக்! தம்பி, இத்தனைக்கும் மீனுக்கு எங்க போவீங்க?"

அவன் பணத்தை எண்ணிக் கல்லாவில் வைத்தான். முட்டையை மறந்துவிட்டு வந்தான்.

*

தேவமலர் இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. டெங்கிக் காய்ச்சல். ஐந்து நாள். அவ்வளவுதான் அதில் சொல்வதற்கு இருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே விமலன் வேலைக்குத் திரும்பினான். கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. கையுறையில் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டு, எந்த விரலில் ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டும். பார்த்தான். சாப்பிட்டான். தூங்கினான். அவன் அழுததை யாரும் பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை.

அவள் ஜாசினில் ஒரு கிளினிக்கில் பதிவெழுதும் கிராணியாக இருந்தாள். சனிக்கிழமை காலைகளில் பசாருக்குப் போய் மீன் வாங்கி வருவாள். சமையலறை மேடையில், நீல ஓடு பதித்த சுவர் ஓரம், மைலோ டின் மேல் கைப்பேசியைச் சாய்த்து வைப்பாள். மீனைச் சுத்தம் செய்து காட்டுவாள். அந்தப் பக்கத்துக்கு 'மீன் கை' என்று பெயர் வைத்திருந்தாள். வணக்கம் கிடையாது, பாட்டு கிடையாது. "இது கெம்போங். கண்ணப் பாருங்க. கலங்கியிருந்தா வாங்காதீங்க." அப்படித்தான் ஆரம்பிப்பாள். செதிலை எடுத்து, செவுளைப் பிடுங்கி, வயிற்றைக் கீறி, கழுவி, தட்டில் வைத்தால் முடிந்தது. அறுபதாயிரம் பேர் அதைப் பார்த்தார்கள். கோலாலம்பூரிலிருந்து, ஜொகூரிலிருந்து, மதுரையிலிருந்து, எங்கெங்கோ குளிர் ஊர்களில் இருந்துகொண்டு முதல் முறையாகத் தனியாகச் சமைக்கிறவர்கள்.

முகம் காட்டியதே இல்லை. கை மட்டும்தான். கறுத்த கை. அதிலும் இடக்கை. அவள் எதையும் பீச்சாங்கையால் செய்கிறவள். பசாரில் சாணை பிடிக்கும் சீனரிடம் சொல்லி, மீன் கத்தியையும் இடக்கைக்கு வாகாக ஒரு பக்கம் மட்டும் தீட்டி வாங்கியிருந்தாள்.

ஒருமுறை எவனோ, "அக்கா, கை ஏன் இவ்ளோ கருப்பு? கழுவிட்டு வாங்க" என்று எழுதியிருந்தான். அதை அழித்துவிடச் சொன்னான் விமலன். அவள் அழிக்கவில்லை. எடுத்துப் பக்கத்தின் உச்சியில், எல்லோருக்கும் முதலில் கண்ணில் படும்படி குத்தி வைத்தாள். கீழே பதில்: "ஆமா. அதுலதான் மீன் பளபளன்னு தெரியுது."

"முகத்தையும் ஒரு தரம் காட்டேன்" என்று அவனே கேட்டிருக்கிறான்.

"முகத்தக் காட்டுனா மீன எவன் பாப்பான்?" என்றாள். கைப்பேசியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். பெரிய கொள்கை மாதிரி இல்லை. ஆனால் கடைசி வரை மாற்றிக்கொள்ளவில்லை.

அந்தப் பக்கத்தை அவன் பதினோரு மாதமாகத் திறக்கவில்லை. பொட்டல மூட்டையை மேசையில் போட்டுவிட்டு அன்று திறந்தான்.

ஏழு புதுக் காணொளிகள் இருந்தன.

"வணக்கம் என் செல்லங்களே!" என்றாள் தேவமலர். "ரொம்ப நாளா ரெஸ்ட்ல இருந்தேன். இன்னிக்கு உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ். என் முகம்!"

அவள் யாரையும் செல்லம் என்று கூப்பிட்டதில்லை. கட்டின புருஷனையே கூப்பிட்டதில்லை.

குரல் அவளுடையதுதான், ஆனால் சர்க்கரைத் தண்ணீரில் ஊறவைத்தது போல இருந்தது. முன்பல் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று லேசாக ஏறியிருக்கும் அவளுக்கு. இதில் வரிசையாக நின்றன. தோல் பொட்டலத்தில் இருந்த அதே ரோஜா நிறம். மணிக்கட்டு நிறைய வளையல். வளையலோடு மீன் வெட்டுகிறவள் எந்த ஊரில் இருக்கிறாள்? கத்தி வலக்கையில் இருந்தது. அந்தக் கை பாரை மீனின் மேல் போய் வந்தது, மீன் தானாகவே துண்டானது. ரத்தம் இல்லை. செதில் தெறிக்கவில்லை. கடைசியில் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டிக் கண்ணடித்தாள்.

கீழே வரிசையாக எழுதியிருந்தார்கள். 'அக்கா செம்ம கலரு.' 'இவ்ளோ அழக ஏன்கா மறைச்சீங்க?' 'அப்ப அந்தக் கருப்புக் கை யாரோடது, வேலைக்காரியோடதா? ஹாஹா.'

உச்சியில் குத்தி வைத்திருந்ததைத் தேடினான். அதை எடுத்துவிட்டிருந்தார்கள்.

பதினோரு மாதத்தில் முதல் முறையாக விமலனுக்கு உடம்பு சுட்டது. காய்ச்சல் என்றுகூட நினைத்தான். இல்லை, கோபம். இத்தனை நாள் எங்கே கிடந்ததோ.

மச்சானைக் கூப்பிட்டான். தர்மேந்திரன், தேவமலரின் அண்ணன். பெம்பானில் அம்மாவோடு இருக்கிறான், கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். இவர்கள் கல்யாணத்தை எடுத்ததும் அவன்தான். தங்கையின் முகமும் குரலும் ஹார்ட் டிஸ்க்கில் முழுசாக அவனிடம் இருந்தன.

"பாத்துட்டியா மாப்ள?" தர்மேந்திரன் குரலில் பெருமை. "எப்படி இருக்கு? ஏஐலா. ஒரு வாரம் உக்காந்து செஞ்சேன்."

"எப்படி உள்ள போனீங்க?"

"அவ சிம் கார்டு என் பேர்லதான இருந்துச்சி, அவ படிக்கிற காலத்துலேருந்து. பாஸ்வேர்ட் மறந்துட்டேன்னு தட்டுனா கோடு எனக்குத்தான் வரும். ஒண்ணுமில்ல."

"எடுத்துடுங்க மச்சான்."

"எத?"

"எல்லாத்தையும்."

"மாப்ள, நீ இப்ப நல்லா இல்ல. திவசத்துக்கு வா, பேசிக்கலாம்" என்றான் தர்மேந்திரன். வைத்துவிட்டான்.

*

முறையாகப் போவது என்று முடிவு செய்தான் விமலன். படித்தவன் அல்லவா. 'மீன் கை' இருந்த செயலியின் நிறுவனத்துக்கே எழுதினான். இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், அடையாள அட்டைகள், எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பினான். மூன்று நாளில் பதில் வந்தது. இறந்தவரின் குடும்பப் பெயரும் விண்ணப்பிப்பவரின் குடும்பப் பெயரும் பொருந்தவில்லை. குடும்ப உறுப்பினர் யாராவது விண்ணப்பிக்கவும்.

சாப்பாட்டு நேரத்தில் அதைக் காந்தனிடம் காட்டினான். காந்தன் அவனோடு வேலை செய்கிறவன், எதையும் சிரிக்காமல் படிக்கத் தெரியாதவன்.

"குடும்பப் பேரா? நமக்கு ஏதுடா அது?" என்றான் காந்தன். "ஐசி அட்டைல அவ தேவமலர், முனியாண்டி மக. நீ விமலன், தங்கராஜு மவன். அவன் கடைசிப் பேரப் பாக்கறான். முனியாண்டி ஒரு குடும்பம், தங்கராஜு வேற குடும்பம்னு நெனச்சிட்டான்."

"கல்யாண சர்டிபிகேட் அனுப்பினேனே."

"அதுலயும் அதே ரெண்டு பேருதான இருக்கு." காந்தன் விரல் விட்டு எண்ணினான். "உன் மாமியாரு?"

"மாரியம்மா. அவங்க அப்பா காத்தமுத்து."

"போச்சி. மாமனாரு உயிரோட இருந்திருந்தா?"

"முனியாண்டி. அவரு அப்பா பேரு ராமன்."

"அப்ப பெத்த அப்பனே எந்திரிச்சி வந்து கேட்டாலும் நீ யாருடான்னு கேப்பான்!" காந்தன் மேசையைத் தட்டிச் சிரித்தான். விமலன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். "அப்படின்னா முனியாண்டின்னு பேரு முடியிற ஆளு ஒருத்தன்தான் இருக்கான்."

"தர்மேந்திரன் முனியாண்டி."

"அவனேதான். திருடனத்தான் புகார் குடுக்கச் சொல்லுது கம்பெனி."

விமலன் மறுபடி எழுதினான். தமிழர் பெயரிடும் வழக்கத்தை விளக்கி, ஆங்கிலத்தில், ஒன்றரைப் பக்கம். அதற்கும் பதில் வந்தது. முதல் பதிலேதான், ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதற்குள் எட்டாவது காணொளி வந்திருந்தது. அதில் தேவமலர் ஒரு அறிவிப்புச் செய்தாள். வருகிற வெள்ளிக்கிழமை முதல் தினமும் நேரலையில் வந்து, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்வாளாம்.

வெள்ளிக்கிழமைதான் அவளுடைய தலைத் திவசம்.

*

பெம்பான் வீட்டு வாசலில் செருப்புகள் அதிகம் இல்லை. நெருங்கின சொந்தம் மட்டும் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு. விமலன் காலையிலேயே போய்விட்டான். கையில் பொட்டல மூட்டை.

கூடத்தில் படையல் போடும் இடத்தில் பெரிய படம் மாட்டி மாலை போட்டிருந்தார்கள். அதே ரோஜா நிறம். அதற்குப் பக்கத்தில் தொலைக்காட்சி. தர்மேந்திரன் அதில் எதையோ மாட்டிக்கொண்டிருந்தான்.

"வா மாப்ள. டீவில போடப் போறேன். அம்மா இதுவரைக்கும் ஹேண்ட்போன்ல குட்டியாத்தான் பாத்திருக்காங்க. அதுலயும் 'அம்மா, சாப்டியாம்மா'ன்னு கேக்கற மாதிரி ஒண்ணு செஞ்சி குடுத்தேன், அதையே திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இருப்பாங்க. போன மாசம்தான் கண்ணு ஆப்பரேஷன் முடிஞ்சிது. இன்னிக்குப் பெருசா பாக்கட்டும்."

விமலன் மூட்டையைத் தரையில் போட்டான்.

"என்னது?"

"உங்க தங்கச்சி. கடையில தொங்கிக்கிட்டு இருந்தா. இறக்கிக் கொண்டாந்தேன்."

தர்மேந்திரன் மூட்டையைப் பார்த்தான், அவனைப் பார்த்தான். "மாப்ள, நல்ல நாளு. சண்ட வேணாம்."

"நல்ல நாளா? செத்த நாளு மச்சான். செத்தவ இன்னிக்கு நேரலையில வர்றா, அதான சொல்லியிருக்கீங்க?"

"அவ பேரு அழிஞ்சி போவாம நான் பாத்துக்கறேன். அதுல என்ன தப்பு?"

"அவ பேரா? அவ கை கறுப்பு. அவ பல்லு கோணல். அவ பேச்சு வெடுக்குன்னு இருக்கும். அவ யாருக்கும் முகத்தக் காட்டல. இதுல எது அவ? சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, நான் போயிடறேன்."

"கொஞ்சம் அழகாக் காட்டறது குத்தமா? கல்யாண வீட்டுல எந்தப் பொண்ணு வெளுக்க வைக்காதேன்னு சொல்லுது? எல்லாரும் வெளுத்துக் குடுன்னுதான் கேக்கறாங்க. நான் பாத்த ஆயிரம் பொண்ணுல..."

"அவ கேட்டாளா?"

"பீச்சாங்கைல மீன வெட்டுனா சாப்பாட்டுச் சாமான எவன்லா வாங்குவான்? முகம் சுளிப்பாங்க."

"அறுபதாயிரம் பேரு சுளிக்காமதான் பாத்தாங்க. கத்துக்கிட்டாங்க. அவங்க கிட்ட அவ செத்துட்டான்னு சொல்லக்கூட இல்ல நீங்க. ரெஸ்ட்ல இருந்தாளாம்! ரெஸ்ட்டு!"

தர்மேந்திரனின் குரல் திடீரென்று உயர்ந்தது. "நீ சொன்னியா? ஒரு வருஷமா நீ என்ன செஞ்ச? ஒரு படம் போட்டியா? ஒரு வார்த்த எழுதுனியா? பதினாறுக்கு அப்பறம் இந்த வாசல மிதிச்சியா? எங்கம்மா இருக்காங்களா போனாங்களான்னு கேட்டியா? நான் அவ குரலக் கேக்காம தூங்க முடியாம செஞ்சேன்டா மொதல்ல. மசாலா அப்பறம் வந்துது. நீ மரம் மாதிரி நின்ன. இப்ப வந்து மாப்ள முறுக்கு காட்டற."

அது உண்மை. உண்மையாக இருந்ததால் விமலனுக்கு இன்னும் கோபம் வந்தது. மரமாக நின்றது அவன் குற்றம். அதற்காக அவளை வெள்ளையடிக்க வேண்டுமா?

சமையலறையிலிருந்து மாரியம்மா வந்தார். கையில் மஞ்சள் ஈரம். படையலுக்குக் கறியும் மீனும் வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். மீனுக்கு உப்பு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னடா சத்தம்? வாங்க தம்பி. எளச்சிப் போயிட்டீங்க."

"ஒண்ணுமில்லம்மா. நீ உக்காரு. மலர டீவில காட்டறேன்."

விமலன் தடுத்திருக்கலாம். மாரியம்மா அதற்குள் பாயில் உட்கார்ந்து, முந்தானையில் கையைத் துடைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தொலைக்காட்சியை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் அவன் ஒதுங்கி நின்றான்.

"வணக்கம் என் செல்லங்களே!"

"வந்துட்டா" என்றார் மாரியம்மா. கண் நிறைந்தது. "என்னா வெளுப்பு. ஆஸ்பத்திரியில இப்படித்தான் வெளுத்துக் கெடந்தா."

திரையில் மீன் வந்தது. வளையல் கை வந்தது, கத்தி வந்தது. மாரியம்மா இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார்.

"நிறுத்துடா."

நிறுத்தினான்.

"அது எந்தக் கையி?"

மாரியம்மா தன் இரண்டு கைகளையும் தூக்கி, திரைக்கு நேராகப் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தார்.

"சோத்தாங்கைல வெட்டுறா."

"அது வந்தும்மா, பாக்கறவங்களுக்கு..."

"கரண்டியால அடிச்சிருக்கேன் அவள. பீச்சாங்கைல சோறு தின்னா எவன்டி கட்டுவான்னு கேட்டு அடிச்சிருக்கேன். ரெண்டு நாளு கையத் துணியால கட்டி வச்சேன். பட்டினி கெடந்தா. ஆறு வயசு. சோத்தாங்கைல ஒரு வாய் எடுக்கல. நாந்தான் தோத்துப் போயி அவுத்து விட்டேன்." அவர் மகன் பக்கம் திரும்பினார். "அம்மா அடிச்சி மாறாதவ, செத்து மாறிட்டாளா?"

"அம்மா..."

"இவ எவடா?"

தர்மேந்திரன் ரிமோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நானு இத்தன நாளா இவளுக்கா பதில் சொல்லிக்கிட்டு இருந்தேன்? சாப்டேன் தாயி, சாப்டேன் தாயின்னு, இவளுக்கா? எவளோ ஒருத்திக்கு?" மாரியம்மாவின் குரல் நடுங்கியது. அழுகையில் இல்லை. "என்னை ஏமாத்திட்டியேடா. கண்ணு தெரியாதவள ஏமாத்திட்டியே."

"எடுத்துடறேன்மா."

"இப்ப எடு. நான் பாக்க."

மகனைப் பாயில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். தர்மேந்திரன் கைப்பேசியில் ஒவ்வொன்றாக அழித்தான். ஒவ்வொன்றுக்கும் 'உறுதியா?' என்று அது கேட்டது. ஒவ்வொரு முறையும் அவன் தட்டினான். ஏழாவதற்கு வரும்போது அழுதுகொண்டிருந்தான், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சின்னப் பையன் போல. விமலனுக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்கலாம்.

"உன் பொண்டாட்டி கமலவேணி கிட்ட நீயே சொல்லிக்க" என்றார் மாரியம்மா. "அரச்சதெல்லாம் நல்ல சாமான்தான். மலரு மூஞ்சி இல்லாம விக்கட்டும்." பிறகு தன் முந்தானையிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். மகன் அதன் முனையால் கைப்பேசியின் ஓட்டையைக் குத்தி, தங்கையின் சிம் கார்டை வெளியே எடுத்தான். மாரியம்மா அதை வாங்கி, மஞ்சள் கையோடு விமலனின் உள்ளங்கையில் வைத்தார்.

"நீங்களும் வராம இருந்துட்டீங்க" என்றார். மன்னித்த குரல் இல்லை.

"ஆமா அத்தை."

படத்தை இறக்கினார்கள். அதற்குப் பதிலாக அவளுடைய அடையாள அட்டைப் படத்தைத் தம்ளரில் சாய்த்து வைத்துப் படைத்தார்கள். கறுப்பாக, கோபமாக, கோணல் பல் தெரியாமல் வாயை இறுக்கிக்கொண்டு இருந்தாள். அந்த வீட்டுக்குள் அவள் முகம் இருக்கலாம். அங்கே அவளுக்கு ஒளிக்க ஒன்றுமில்லை.

*

மறுநாள் சனிக்கிழமை. விமலன் அந்த சிம்மைப் போட்டு 'மீன் கை'க்குள் நுழைந்து எழுதினான்: 'நான் தேவமலரின் கணவன். தேவமலர் சென்ற ஆண்டு டெங்கியால் இறந்துவிட்டாள். அதற்குப் பிறகு வந்த முகமும் குரலும் கணினியில் செய்தவை. அவை அவள் அல்ல. நடந்ததற்கு வருந்துகிறேன்.'

'இறந்துவிட்டாள்' என்று எழுத அவனுக்கு வெகு நேரம் ஆனது. அந்தச் சொல்லை அதுவரை அவன் எங்கும் எழுதியதில்லை.

பத்து நிமிடத்தில் பதில்கள் வந்தன.

'யாருய்யா நீ? அக்கா போன வாரம்தானே பேசுனாங்க?'

'அக்கா அக்கவுண்ட எவனோ ஹேக் பண்ணிட்டான். எல்லாரும் ரிப்போர்ட் பண்ணுங்க.'

'உயிரோட இருக்கற பொம்பளய செத்துட்டான்னு சொல்றியே, நாக்கு அழுவிடும்டா.'

விமலன் எழுந்து நின்றான். கைப்பேசியை எறிய வேண்டும்போல் இருந்தது. மச்சான் கம்ப்யூட்டரில் சுட்ட பொம்மையை ஒரே நொடியில் நம்பினார்கள். புருஷன் சொல்வதை நம்ப மாட்டார்களாம். சான்றிதழை எடுத்துப் போட்டுவிடலாமா? அதில் அவள் அடையாள எண் இருக்கிறது, முகவரி இருக்கிறது. கல்யாணப் படத்தைப் போட்டால் நம்புவார்கள். ஒரு முகத்தை இன்னொரு முகத்தால்தான் அடிக்க முடியும். அவன் விரல் அந்தப் படம் வரை போனது. நெற்றிச்சுட்டி சாய்ந்த படம். அவன் அதைப் போட்டால் தர்மேந்திரனுக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?

போடவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பசாருக்குப் போய் கெம்போங் மீன் வாங்கி வந்தான்.

மைலோ டின் இருந்த இடத்திலேயே இருந்தது. கைப்பேசியை அதில் சாய்த்தான். நீல ஓடு தெரிந்தது. இழுப்பறையிலிருந்து அவளுடைய கத்தியை எடுத்தான். ஒரு வருடத்தில் ஓரம் லேசாகத் துருவேறியிருந்தது. கழுவினான். பதிவை அழுத்தினான். அவன் கை மட்டும் தெரிந்தது.

"இது கெம்போங்" என்றான். குரல் கரகரத்தது. "கண்ணப் பாருங்க. கலங்கியிருந்தா வாங்காதீங்க."

மீனை அழுத்திப் பிடித்துக் கீறினான். கத்தி வழுக்கிக்கொண்டு முள் பக்கம் ஓடியது. வயிறு கிழிந்து குடல் கசங்கி வந்தது.

"இது அவ கத்தி. பழைய வீடியோவுல பாத்திருப்பீங்க. பீச்சாங்கைக்குத் தீட்டுனது. என்னோட சோத்தாங்கைக்கு இது ஒத்துவராது. ஒத்துவர்ற கை ஒண்ணுதான் இருந்துச்சி." நிறுத்தினான். "அந்தக் கை இப்ப இல்ல. கறுப்பா இருக்குமே, அதான். அவ கை. வேற யாரோடதும் இல்ல. வேலைக்காரியோடது இல்ல."

இன்னொரு மீனையும் கெடுத்தான். இன்னொன்றையும். கத்தி பிடி நழுவி வலக்கைக் கட்டைவிரலில் இறங்கியது. ரத்தம் தண்ணீரோடு ஓடியது. அந்தக் காட்சியையும் வெட்டாமல் காணொளியை அப்படியே ஏற்றினான்.

ஏற்றிவிட்டு மேடை ஓரம் உட்கார்ந்தான். முகத்தில் வழிவது கண்ணீர் என்று முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அப்படியே விட்டான்.

மீன் வாடை அடித்த கையோடு மறுபடி கைப்பேசியைப் பார்த்தபோது பதில்கள் வந்திருந்தன. திவ்யதர்ஷினி என்று ஒருத்தி எழுதியிருந்தாள்: 'அந்த நீல ஓடு. அந்தக் கத்தி. ஐயோ அக்கா.' இன்னொருவர்: 'மேடையில மூலையில உடைஞ்ச ஓடுகூட அதேதான். இவர் சொல்றது நெசம்.' அதற்கு அடுத்து ஒருவன்: 'நாந்தான் ஒரு தடவ கை கருப்புன்னு எழுதுனேன். என்னைய உச்சியில குத்தி வச்சாங்க. இப்ப காணோம். நானே திரும்பவும் எழுதறேன், வச்சிக்கங்க: கை கருப்பு.'

விமலன் அதை எடுத்து உச்சியில் குத்தினான்.

இன்னும் கீழே, புதிதாக வந்த யாரோ கேட்டிருந்தார்கள்: 'அப்ப அது பொய் முகம்னா, அக்காவோட நெச முகம் எப்படி இருக்கும்? ஒரு படம் போடுங்களேன்.'

காயம்பட்ட விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடக்கையால் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான்.

'மீனப் பாருங்க.'